படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது

பிப்ரவரி 9

அன்புள்ள மேஸ்திரிக்கு,

நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன், அறைக் கதவை உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் தூங்குகிறேன். எப்படியும் கேட்கப் போகிறீர்கள் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

இனிமேல் போன் வேண்டாம், கடிதம்தான் என்று நாம் முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "பின்னாடி யாரு சிரிக்கிறது?", "இப்ப யாரு கதவைத் தட்டினது?", "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று துருவி எடுத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு யாரும் சிரிக்க முடியாது பாருங்கள்.

வெளிநாடு போய்ப் படிக்க நகராட்சியில் எனக்கு விடுப்புக் கொடுத்தபோது "இன்ஜினியருக்கு இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்டீர்களே, இதுதான் படிப்பு: கடற்கரை ஊர்களில் கட்டடங்கள் ஏன் சீக்கிரம் கெட்டுப்போகின்றன. ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு கடற்கரை ஊருக்குப் போய்ச் சுவர் சுவராகப் பார்த்து, ஊருக்கு ஊர் ஒப்பிட்டு எழுதித் தர வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் ஏணி மேல் நின்றுகொண்டு தினமும் திட்டுகிற விஷயத்தை நான் சர்க்கார் செலவில் படிக்கிறேன்.

போன வாரம் முதலாவது ஊருக்குப் போய் வந்தோம். துறைமுகம். எங்கே பார்த்தாலும் கிரேன், லாரி, கரி படிந்த ஜன்னல்கள். கடல் இருக்கிறது, ஆனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். சுவர்களில் பெயிண்ட் மீன் செதில் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. பழைய பழக்கம், சாவியை எடுத்து ஒரு கிடங்குச் சுவரைச் சுரண்டிப் பார்த்தேன். காவலாளி கத்திக்கொண்டே ஓடி வந்தார். நாம் முதன்முதலில் சந்தித்தது ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடச் சுவரில் நீங்கள் அப்போதுதான் அடித்து முடித்த பெயிண்டை நான் சாவியால் சுரண்ட, நீங்கள் சாரத்திலிருந்து குதித்து வந்து, "ஏம்மா, உங்க வீட்டுச் சுவத்துல இப்படிச் சுரண்டுவீங்களா?" என்று கேட்டீர்களே. கட்டிக்கொண்ட பிறகு நம் வீட்டுச் சுவரிலும் சுரண்டினேன், என்ன செய்தீர்கள்?

மண்ணெண்ணெய்க் கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

உங்கள்,
இன்ஜினியரம்மா


மார்ச் 2

என் இன்ஜினியரம்மாவுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக. இரண்டாவது தடவை பொறுமையாக.

"போய் வந்தோம்" என்று எழுதியிருக்கிறாய். வந்தோம் என்றால் யார் யார்? நான் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. எனக்கு அந்தப் புத்தியே கிடையாது என்று உனக்கே தெரியும். ஆனால் ஒரு வீட்டில் பெயிண்ட் அடிக்கப் போனால்கூட எத்தனை அறை, எத்தனை கதவு என்று கேட்டுக்கொள்கிறோம் இல்லையா? அந்த மாதிரிதான்.

இங்கே வேலை மந்தம். பெரிய கம்பெனிக்காரர்கள் சீருடை போட்ட பையன்களை அனுப்பி, மெஷினால் பீச்சி அடித்துவிட்டுப் போகிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பள்ளத்தை அடைத்துப் பட்டி பார்ப்பது, காயவிடுவது எல்லாம் கிடையாது. மழைக்கு நிற்குமா என்று கேட்டேன். "கேரண்டி கார்டு இருக்கு அண்ணே" என்றான் ஒருவன். சுவரில் கார்டை ஒட்டிவிட்டால் மழை படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் போலிருக்கிறது.

மாடி வீட்டம்மாவின் சித்தி மகள் ஒருத்தி வெளிநாட்டுக்குப் படிக்கப் போனாளாம். முதல் வருஷம் வாரம் ஒரு கடிதம், இரண்டாம் வருஷம் மாதம் ஒரு கடிதம், மூன்றாம் வருஷம் வக்கீல் கடிதம். அந்தம்மா இதை நம் வாசலில் நின்று, நான் பிரஷ் கழுவிக்கொண்டிருக்கும்போது, என்னைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துச் சொன்னார். நான் குழாயை இறுக்கி மூடினேன். அது அப்படியும் சொட்டியது.

படிப்பு முடிந்ததும் நீ திரும்பி வருவாயா? எனக்கு அந்த ஒன்றைச் சொன்னால் போதும். மற்றபடி நிதானமாக ஊர் சுற்று.

இப்படிக்கு,
மேஸ்திரி


ஏப்ரல் 14

அன்புள்ள மேஸ்திரிக்கு,

முதலில் கணக்கை முடித்துவிடுகிறேன். "போய் வந்தோம்" என்றால்: எங்கள் வாத்தியாரம்மா, வகுப்புப் பிள்ளைகள், என் அறைத்தோழி, ஒரு டிரைவர். டிரைவருக்குக் காது மந்தம். போதுமா? வாத்தியாரம்மாவின் வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

இரண்டு ஊர் பார்த்துவிட்டேன். ஒன்று மணல் ஊர். உல்லாசத்துக்கு வருகிறவர்களுக்காகவே கட்டியது. கடலைப் பார்த்த சுவர் எல்லாம் வெள்ளை வெளேர் என்று கண்ணைப் பறிக்கிறது. வருஷா வருஷம் பழையதைச் சுரண்டாமலே மேலே மேலே அடிப்பார்களாம். விரலால் தட்டினால் டொக் டொக் என்று பொள்ளல் சத்தம். பின்பக்கச் சந்துக்குள் போனால் அதே கட்டடம் கறுத்து, கம்பி துருப்பிடித்து, வாளிகளும் துடைப்பமும் கிடக்கின்றன. எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போட்ட ஊர்.

இன்னொன்று மேட்டு ஊர். இதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்! கடலிலிருந்து ஏறுகிற செங்குத்தான தெருக்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம், பக்கத்து வீட்டு நிறத்தோடு போட்டி. எதிரே கடல், நாள் முழுக்க உப்புக் காற்று. ஆனாலும் சுவரில் பெயிண்ட் கல்லாக நிற்கிறது. சாவி போட்டுச் சுரண்டினேன், சாவிதான் தேய்ந்தது. அங்கே அடிப்பதற்கு முன்னால் சுவரை நல்ல தண்ணீரில் கழுவிக் கழுவி விடுகிறார்கள். கடலிலிருந்து காற்று வரும்போது பிரஷ்ஷைத் தொடுவதே இல்லை. காற்று மலைப்பக்கம் திரும்பிய பிறகுதான் டப்பாவையே திறக்கிறார்கள். திறந்த டப்பாவில் உப்புக் காற்று பட்டால் அந்தப் பெயிண்ட் சுவரில் ஒரு வருஷம்கூட நிற்காதாம்.

அந்த ஊரில் எடுத்த படம் ஒன்று கவரில் வைத்திருக்கிறேன். பின்னால் இருக்கும் நீலச் சுவரைப் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்கும்.

திரும்பி வருவாயா என்று கேட்டிருந்தீர்கள். உங்களோடுதான் இருப்பேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

உங்கள்,
இன்ஜினியரம்மா


மே 3

இன்ஜினியரம்மாவுக்கு,

சுவரைப் பார் என்றாய். பார்த்தேன். சுவர் பார்ப்பதுதான் என் தொழில்.

நல்ல வேலை. ஒத்துக்கொள்கிறேன். நீலம் ஒரே சீராக ஓடியிருக்கிறது, எங்கும் திட்டு இல்லை. ஆனால் அந்தச் சுவரில் உன் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் விழுந்திருக்கிறது. படம் எடுத்த ஆளின் நிழல். உயரமான ஆள். தொப்பி போட்டிருக்கிறான். தோளில் ஏதோ நீளமாகச் சாத்தியிருக்கிறான். வாத்தியாரம்மாவும் இல்லை, உன் அறைத்தோழியும் இல்லை. காது மந்தமான டிரைவர் தோளில் என்ன சாத்தியிருப்பார்?

அடுத்தது உன் வலது கை. மணிக்கட்டில் நீலப் பெயிண்ட். ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்தால் விரல் நுனியில் ஒட்டும். சாய்ந்து நின்றால் முழங்கையில் ஒட்டும். தலைக்கு மேலே பிரஷ்ஷைத் தூக்கி அடித்தால் மட்டும்தான் பெயிண்ட் கைப்பிடி வழியாக ஒழுகி மணிக்கட்டுக்கு வரும். இவ்வளவு காலத்தில் நம் வீட்டு ஜன்னல் கம்பிக்குக்கூட நீ பிரஷ் பிடித்ததில்லை. அங்கே யாருடைய சுவருக்குப் பிடித்தாய்?

அப்புறம் இந்த "நல்ல தண்ணீரில் கழுவுவது", "காற்று திரும்பியதும் டப்பாவைத் திறப்பது" எல்லாம் புத்தகத்தில் இருக்காது. சாரத்தில் நிற்கிறவன் வாயிலிருந்து வருகிற பேச்சு அது. பக்கத்தில் நின்று, பொறுமையாக, சிரித்துச் சிரித்து ஒருத்தன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

கடைசியாக ஒன்று. திரும்பி வருவாயா என்று கேட்டேன். நீ "உங்களோடுதான் இருப்பேன்" என்கிறாய். கேட்டதற்குப் பதில் வருவேன், அல்லது வரமாட்டேன். இது என்ன பதில்? இது நகராட்சி ஆபீஸ் பதில்.

நான் சந்தேகப்படவில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

மேஸ்திரி


மே 29

கடிதம் இல்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். மாடி வீட்டம்மா இப்போது குழாயைப் பார்ப்பதில்லை, நேராக என்னையே பார்க்கிறார்.

நீ வாயைத் திறக்காமல் இருப்பதே பதில் என்றால் அதையாவது ஒரு வரியில் எழுதிவிடு.

மேஸ்திரி


ஜூன் 6

மேஸ்திரிக்கு,

பரீட்சை இருந்தது. அதனால்தான் எழுதவில்லை. உங்கள் இரண்டு கடிதங்களையும் ஒரே நாளில்தான் பிரித்துப் படித்தேன்.

ஆமாம். படம் எடுத்தவர் ஒரு ஆண். மேட்டு ஊரில் பெயிண்ட் வேலை எடுத்துச் செய்கிறவர். எந்த நேரமும் தோளில் ஏணி இருக்கும், அதனால் நாங்கள் ஏணிக்காரர் என்று கூப்பிடுகிறோம். தோளில் நீளமாக இருந்தது ஏணி. உங்களைவிட உயரம். மனைவி இல்லை. நன்றாகச் சிரிப்பார். நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன், திருப்திதானே? மணிக்கட்டில் இருந்தது அவர் சுவரில் நான் அடித்த பெயிண்ட். எதற்கு அடித்தேன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

சொல்லாமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கூடி வந்தால் தானாகத் தெரியும், வராவிட்டால் தெரிய வேண்டியதே இல்லை. இவ்வளவு வருஷம் என்னோடு இருந்தீர்களே, இன்னும் ஒன்றிரண்டு மாதம் என்னை நம்பக் கூடாதா?

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். கவருக்குள் இருக்கும் துண்டுச் சீட்டில் ஏணிக்காரரின் விலாசம் இருக்கிறது. அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடற்கரைச் சுவரில் உப்பு பூத்திருந்தால் நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள், எப்படிப் பட்டி பார்ப்பீர்கள், கடைசிக் கோட் எப்படி அடிப்பீர்கள், அவ்வளவுதான். எதற்கு என்று கேட்காதீர்கள். நம் மொழியிலேயே எழுதுங்கள். அவருக்கு நம் எழுத்து தெரியாது. ஆனால் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.

இது எனக்கு மிகவும் முக்கியம். ஜூலை முடிவதற்குள் நான் ஓரிடத்தில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை வைத்துத்தான் சொல்வேன்.

நான்காவதாகவும் ஒரு ஊர் பார்த்தேன். ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது, பாதி உப்பு, பாதி நல்ல தண்ணீர். ஊர் முழுக்கப் பாலங்கள். அழகான ஊர்தான். ஆனால் மனதில் ஒட்டவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் மேட்டு ஊர் மாதிரி இல்லையே என்றுதான் தோன்றுகிறது.

உங்கள்,
இன்ஜினியரம்மா


ஜூன் 27

இன்ஜினியரம்மா அவர்களுக்கு,

எழுதச் சொன்ன விலாசத்துக்கு எழுதிவிட்டேன். இரண்டு பக்கம். நம் மொழியில்தான். படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது என்றீர்களே, அந்த ஆள் ஒரு வார்த்தை விடாமல் நன்றாகப் படித்துச் சொல்லட்டும்.

எந்த ஊருக்குப் போனாலும் மேட்டு ஊர்தான் மனதில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். புரிந்தது. சுவருக்காக யாருக்கும் ஒரு ஊர் இவ்வளவு பிடிக்காது.

என் காதில் நன்றாகப் பூச்சுற்றுகிறீர்கள்.

மேஸ்திரி


ஜூலை 18

மேஸ்திரிக்கு,

படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது என்று எழுதியிருந்தேன் இல்லையா? அந்த ஆள் நான்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். மேட்டு ஊரின் நகராட்சியில் எனக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் பிரிவு. எனக்குப் பிடித்த வேலை. சரி என்று சொல்ல ஒரே ஒரு தடை, நீங்கள். "பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து சாப்பிடற ஆள் நான் இல்ல" என்பீர்கள். பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு வேலைக்கு நான் சிபாரிசு செய்தேன் என்று தெரிந்ததும், பாதியில் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு வந்தீர்களே. அதன் பிறகு எத்தனை நாள் என்னோடு பேசவில்லை? அதனால் இந்தத் தடவை வேலை உங்கள் கையைப் பார்த்து வர வேண்டும், என் வாயைப் பார்த்து இல்லை என்று நினைத்தேன். அதற்காகத்தான் அந்த ஊரில் பெயிண்ட் கடை, சாரம் கட்டிய வீடு என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன்.

ஏணிக்காரர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் எப்படி அடிப்பார் என்று விளக்கிப் பார்த்தேன். வாயால் சொன்னால் அவருக்குப் புரியவில்லை. "அடிச்சுக் காட்டு" என்று பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டார். அடித்துக் காட்டினேன். உங்களை எத்தனை தடவை கீழே நின்று பார்த்திருக்கிறேன்! கடைசி இழுப்பைக் கீழிருந்து மேலே, பிரஷ் நுனி மட்டும் படுகிற மாதிரி இழுப்பீர்களே, அதை அப்படியே செய்தேன். மணிக்கட்டெல்லாம் பெயிண்ட் வழிந்துவிட்டது. அவர் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இது உன் கை இல்ல. இந்தக் கைக்காரன் எங்க இருக்கான்?" என்று கேட்டார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்த நிமிஷம் எடுத்த படம்தான் உங்களுக்கு அனுப்பியது. படத்தில் நீங்களும் இருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் அனுப்பினேன்.

"அவரையே ஒரு லெட்டர் போடச் சொல்லு, ஆள் எப்படின்னு தெரிஞ்சுக்கறேன்" என்றார். அதனால்தான் உங்களை எழுதச் சொன்னேன்.

போன சனிக்கிழமை போனேன். பெயிண்ட் கிடங்கில் இரண்டு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, துணி விரித்து, உட்காரச் சொன்னார். வேலையாட்களைக் கூப்பிட்டார். "வாங்கப்பா, நம்ம புது ஆளோட லெட்டர் வந்திருக்கு." எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். கவரைப் பிரிக்காமல் வைத்திருந்தார். "உன் வீட்டுக்காரர் எழுதினது, நீயே பிரி" என்று நீட்டினார்.

பிரித்தேன்.

"அடேய் ஏணிக்காரா" என்று ஆரம்பித்திருந்தீர்கள். நான் "மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்" என்று அவர்கள் மொழியில் படித்தேன்.

"அடுத்தவன் பெண்டாட்டிக்குப் பிரஷ் பிடிக்கச் சொல்லித் தருகிறாயா" என்று எழுதியிருந்த இடத்தில், "உப்பு பூத்த சுவரை முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுவேன்" என்று படித்தேன். "அவள் உடம்பில் ஒட்டியிருக்கிற பெயிண்ட் எந்தத் தின்னரிலும் போகாது" என்ற இடத்தில், "பட்டியை இரண்டு முறை பார்ப்பேன், அவசரப்பட மாட்டேன்" என்றேன். "அவளுக்கு இந்த வீட்டில் இனி இடமில்லை, நீயே வைத்துக்கொள்" என்பது இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தது. அந்த இடம் வந்தபோது அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டேன். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "கடைசி இழுப்பு எப்போதும் கீழிருந்து மேலே" என்று படித்தேன். ஒரு பையன், "பாத்தியா, நான் சொல்லல?" என்று பக்கத்தில் இருந்தவனை இடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏணிக்காரர் கடிதத்தைக் கையில் வாங்கிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பேனா அழுத்தி எழுத்தெல்லாம் புடைத்திருந்தது. "இப்படி அழுத்தி எழுதறாரே, பிரஷ்ஷையும் இப்படித்தான் அழுத்துவாரா?" என்று கேட்டார். "இல்ல, பிரஷ்ஷை ரொம்ப மெதுவாத்தான் பிடிப்பாரு" என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் சொன்ன உண்மை.

நான் அழவில்லை. நின்ற நிலையில் இரண்டு பக்கத்துக்குக் கதை கட்டுகிறவளுக்கு அழ நேரம் ஏது? அவரிடம் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், திரும்பி வரும் பஸ்ஸில்தான் எழுதியிருந்ததை எழுதியபடியே படித்தேன். உங்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு மனுஷனுக்கு மணிக்கட்டில் ஒழுகிய பெயிண்ட் தெரிகிறது, அதை யாருக்காக அடித்தாள் என்று மட்டும் தெரியவில்லை. இரண்டு நிழலைப் பார்த்தீர்கள். நான் யாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன் என்று என் முகத்தைப் பார்த்தீர்களா? அந்தப் படம் உங்களுக்கு அனுப்புவதற்காக எடுத்தது. உங்களைப் பார்த்துத்தான் சிரித்தேன்.

ஏணிக்காரர் சம்மதித்துவிட்டார். "நல்லா எழுதியிருக்காரு. வரச் சொல்லு" என்றார். அந்த ஊர் வேலைக்கு நானும் சரி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் அங்கேதான் இருக்கப் போகிறேன். வீடு பார்த்தாயிற்று. ஒரு அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே கடல். சுவர் மோசமாக இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

நான் படித்துக் காட்டிய கடிதத்தை எழுதின மேஸ்திரி வரலாம். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். என் பெட்டிக்குள் இருக்கிற கடிதத்தை எழுதின ஆள் வர வேண்டாம். எனக்கு அவரைத் தெரியாது.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். நான் படிக்க மாட்டேன்.

இன்ஜினியர்


ஆகஸ்ட் 5

மதிப்புக்குரிய ஏணிக்காரர் ஐயா அவர்களுக்கு,

என் மனைவி தனக்கு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். வேறு விலாசம் என்னிடம் இல்லை.

முன்பு உங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தேன். நான் எழுதியது வேறு, உங்கள் காதில் விழுந்தது வேறு. உங்கள் காதில் விழுந்ததுதான் சரி. எழுதியவன் புத்தி கெட்டுப்போய் எழுதினான். உங்களை இதுவரை பார்க்காமலே உங்களுக்குப் பெரிய தப்புச் செய்துவிட்டேன். என்னவென்று நீங்கள் கேட்டால் நேரில் சொல்கிறேன். கேட்காவிட்டால் இன்னும் நல்லது.

நீங்கள் எடுத்த படத்தை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை சுவரை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன். முதல் தடவையே அதைப் பார்த்திருக்க வேண்டும். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்தான். பள்ளிக்கூடத்தில் நான் சாரத்திலிருந்து குதித்துச் சண்டை போட்டு முடித்ததும் இப்படித்தான் சிரித்தது.

வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் முறையை ஏற்கெனவே சரியாகவே படித்துச் சொல்லியிருக்கிறார், நான் சேர்ப்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. உப்பு பூத்த சுவர் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. நான் அடிக்கிறேன் என்று சொல்லி உடனே டப்பாவைத் திறக்க மாட்டேன். கழுவுவேன். காயட்டும் என்று இருப்பேன். மறுபடி உப்பு வந்தால் மறுபடி கழுவுவேன். சுவர் தயாரான பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவேன். அதுவரை ஏணி பிடிக்கிற வேலை கொடுத்தாலும் போதும்.

அந்த ஊரில் ஒரு அறை இருக்கிறதாம், சுவர் மோசமாம். அதற்கு மட்டும் கூலி வாங்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று ஐயா. இதைப் படித்துச் சொல்கிறவர் என் மனைவி. அவர் என்ன படித்துச் சொல்கிறாரோ அதுதான் நான் எழுதியது. அவர் "வருகிறேன்" என்று படித்தால் நான் வருகிறேன். "வரவில்லை" என்று படித்தால் நான் வரவில்லை. அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், சந்தேகப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
மேஸ்திரி